பஞ்சுக்கும் உண்டு பல்!

கறுப்பு கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். தைரியம் இருந்தால் செய்து பாருங்கள்.

மத்தியானம் 12 மணி வெயிலில் காரை நிறுத்துங்கள். பானெட்டில் சூரியன் பளிச்சென்று தெரிகிற இடத்தைக் குனிந்து உற்றுப் பாருங்கள். சூரியனைச் சுற்றி ஒட்டடை கட்டின மாதிரி வட்ட வட்டமாக ஆயிரம் கோடுகள் தெரிகிறதா? தெரிந்தால் வாருங்கள், நீங்களும் நம்ம கட்சி! தெரியவில்லையென்றால்... உங்கள் கார் வெள்ளையாக இருக்கும்.

எனக்கு அந்த ஒட்டடையைக் காட்டிக்கொடுத்தவர் என் ஆபீஸ் நண்பர். பார்க்கிங்கில் நின்றுகொண்டு, "என்ன சார், காரைக் கழுவுறீங்களா, இல்லை பாத்திரம் விளக்குறீங்களா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அதில் ஒருவர் என் மேனேஜர்!

சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால், தம்பியின் கல்யாணத்துக்கு இன்னும் மூணே வாரம். மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் வைக்கலாம் என்று நான் சொன்னபோது அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"நம்ம கார் எதுக்குடா இருக்கு?"

அது அப்பாவின் கார். 2012-ல் ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் வாங்கியது. முப்பத்து சொச்சம் வருஷம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஆபீஸ் போன மனிதர், போவதற்கு ஆபீஸ் இல்லாத நாளில் கார் வாங்கினார். "பெரிய ஆபீஸருங்க எல்லாம் கறுப்புலதான் வருவாங்க" என்று கலரையும் அவரேதான் தேர்ந்தெடுத்தார். இப்போது 70-ஐத் தாண்டிவிட்டார். ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் காபி குடித்த கையோடு, ஒரு பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார். கூரையிலிருந்து டிக்கி வரை ஒரு சுற்று துடைத்துவிட்டு வந்தால்தான் அவருக்குப் பேப்பர் படிக்க ஓடும்.

அப்படிப்பட்ட காரை மினுமினுக்க வைக்க வேண்டும். வெளியே கொடுத்தால் ஆயிரக்கணக்கில் ஆகும். நாமே செய்தால் என்ன? செல்போனில் நாலு வீடியோ பார்த்தேன். இத்தாலிக்காரர் ஒருத்தர் மெஷினில் பஞ்சு மாதிரி ஒரு மஞ்சள் வட்டத்தை மாட்டிக்கொண்டு, கல்யாண சாம்பாருக்குக் கரண்டி போடுகிற லாகவத்தில் இப்படியும் அப்படியும் தடவுகிறார். கார் கண்ணாடியாகிறது. அட, இவ்வளவுதானா!

மெஷின், அதே ஆபீஸ் நண்பரிடம் இரவல். பஞ்சு வட்டத்துக்கு - அதன் பெயர் ஃபோம் பேட் - சனிக்கிழமை ஜி.பி. ரோட்டுக்குப் போனேன்.

சென்னையில் கார் சாமான் என்றால் ஜி.பி. ரோடுதான். ஒரு கடையில் கேட்டதும், கேக் கடை மாதிரி எடுத்து அடுக்கினார்கள். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை, பச்சை, நீலம், கறுப்பு... தொட்டால் எல்லாமே மெத்துமெத்தென்று இருக்கிறது. எதை எடுப்பது?

"எந்த கலருக்கு சார் போகுது உங்களுக்கு?" என்றார் கடைக்காரர், புடவைக் கடை தோரணையில்.

வீடியோ ஞாபகம் வந்தது. "மஞ்சள்! மஞ்சள்தானே ரொம்ப ஃபைன்?"

"சூப்பர் ஃபைன் சார்!" என்றார். நான் 'ஊதா ரொம்ப ஃபைனா' என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா கோயிலுக்குப் போன நேரம். மஞ்சள் பேடை மாட்டி, மேலே பாலிஷைப் பிதுக்கி, பானெட்டில் வைத்து சுவிட்சைத் தட்டினேன். 'ர்ர்ர்ர்' என்று கையை இழுத்துக்கொண்டு ஓடியது. பத்து நிமிஷத்தில் கொஞ்சம் பழகிவிட்டது. ஒட்டடை மறைந்தது! அந்த உற்சாகத்தில் பானெட்டின் விளிம்பில், அந்த மடிப்பு வருகிற இடத்தில், ஒரு கோடு மட்டும் போகாமல் அடம் பிடித்தது. விடுவேனா? அழுத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். லேசாக ஒரு தீய்ந்த வாசனை.

மெஷினை எடுத்துப் பார்த்தால், விரல் நீளத்துக்கு, மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி ஒரு தீற்றல். துணியால் துடைத்தேன். போகவில்லை. தண்ணீர் விட்டேன். போன மாதிரி இருந்தது. காய்ந்ததும் திரும்ப வந்து நின்றது.

என் மனைவி எட்டிப் பார்த்தாள். பக்கெட்டில் கிடந்த மஞ்சள் பேடைக் கையில் எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினாள்.

"என்னங்க, இது இவ்வளவு முரடா இருக்கு? நான்-ஸ்டிக் தவாவை யாராவது கம்பி நார் போட்டுத் தேய்ப்பாங்களா?"

பிற்பாடு நான் தெரிந்துகொண்ட அத்தனை விஷயமும் இந்த ஒரு கேள்விக்குள் அடக்கம் என்று அப்போது எனக்குத் தெரியாது. "உனக்கு இதெல்லாம் புரியாது" என்றேன், வழக்கம்போல.

மறுநாள் காலை அப்பா துணியோடு கீழே இறங்கினார். நான் மாடி ஜன்னலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூரை முடிந்தது. கண்ணாடி முடிந்தது. பானெட்டுக்கு வந்தார். விளிம்புக்கு வந்தார். துணி நின்றது. குனிந்து பார்த்தார். விரலால் ஒருமுறை தடவினார். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் மறுபக்கம் போய்விட்டார்.

மேலே வந்ததும் அவராகவே சொன்னார். "பானெட் ஓரத்துல கொஞ்சம் வெளுத்திருக்குடா. வெயில்தான். நம்ம ஊர் வெயில் என்னத்தை விட்டு வெச்சுது?"

சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை.

அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, காரை எங்கள் ஏரியா பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பெயின்ட்டர் மேஸ்திரிக்கு அறுபது வயசு இருக்கும். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே பானெட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா மெஷின் தம்பி, ரோட்டரியா?" என்றார். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லித்தான் கண்டுபிடிப்பார்!

"தம்பி, மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. பாலிஷ்னா புதுசா எதையோ தடவறதுன்னு நெனச்சுக்கினு இருக்கே. இல்ல. பாலிஷ்னா பெயின்ட்டைச் சொரண்டறது. அழகா, சமமா சொரண்டறது. அவ்ளோதான்!"

இந்த ஒரு வரிக்காகவே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீ குடித்தபடியே பாடம் நடந்தது. அவர் சொன்னதோடு, பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

காரின் தகட்டுக்கு மேல் அடுக்கடுக்காகப் பூச்சு இருக்கிறது. துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று, அதன்மேல் பிரைமர், அதன்மேல் கலர், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சாதாரணமாக 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் ஒரு பங்கு. இதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40, 50 மைக்ரான். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் (முடி இருப்பவர்கள் சோதித்துப் பார்க்கலாம்!). ஆக, காரின் பளபளப்பு முழுவதும் ஒரு முடியைவிட மெல்லிசான தோல்மேல் நிற்கிறது.

அந்தத் தோலில்தான் வெயிலைத் தாங்குகிற மருந்தும் கலந்திருக்கிறது. அதைக் கண்டபடி சுரண்டினால் இன்று பளபளக்கும். சில வருஷம் கழித்து வெளுத்து, உரிந்து, தேமல் பிடித்த மாதிரி ஆகிவிடும். சுரண்டினது சுரண்டினதுதான். திரும்ப வளர, அது நகம் இல்லை.

ஒட்டடை வட்டம் என்று நாம் நினைப்பதுகூட உண்மையில் வட்டமே இல்லையாம். கிளியர் கோட்டில் எல்லா திசையிலும் தாறுமாறாகக் கோடுகள் இருக்கின்றன. சூரியன் என்கிற ஒரே புள்ளியிலிருந்து வெளிச்சம் வரும்போது, அதற்குக் குறுக்கே இருக்கும் கோடுகள் மட்டும் மின்னுகின்றன. அவை சேர்ந்து நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிகின்றன. சந்தேகம் இருந்தால் ராத்திரியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்!

"சரி மேஸ்திரி, இந்தக் கோடெல்லாம் எப்படி வந்தது?"

"தூசி மேல காஞ்ச துணி போட்டுத் தேய்ச்சா வரும். தூசின்னா இன்னா? மண்ணு. மண்ணு போட்டுத் தேய்ச்சா எது கீறாது? யாரோ தெனம் தொடைக்கிறாங்க போலக்கீதே... ஒரு நாள்கூட வுட்டிருக்க மாட்டாங்க!"

என் கையில் டீ ஆறிப்போனது. பத்து, பன்னிரண்டு வருஷம். தினமும் காலை. காபி குடித்த கையோடு.

நான் எதுவும் சொல்லவில்லை. "ஆமாம்... வாட்ச்மேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். எங்கள் வீட்டுக்கு வாட்ச்மேனே கிடையாது.

மேஸ்திரி என் பையிலிருந்த மஞ்சள் பேடை எடுத்தார். கட்டை விரலால் அமுக்கினார். பிறகு தன் அலமாரியிலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, "அமுக்கு" என்றார். மஞ்சள், காய்ந்த பன் மாதிரி எதிர்த்தது. கறுப்போ சூடான இட்லி மாதிரி உள்ளே போனது.

"கலரைப் பார்த்து வாங்காதே தம்பி. கையால பார்த்து வாங்கு."

அவர் சொன்னதன் நியாயம் பிறகு தெரிந்தது. ஃபோம் பேடின் கலருக்கு உலகம் முழுவதற்கும் பொதுவான சட்டம் எதுவும் கிடையாது! சிக்னலில் சிவப்பு என்றால் எல்லா ஊரிலும் நில். ஆனால் இத்தாலியின் ரூப்பஸ் கம்பெனி பேடில் மஞ்சள் என்றால் நைஸ் ரகம், நீலம்தான் முரடு. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி கம்பெனியின் வழக்கமான வரிசையில் மஞ்சள் என்றால் வெட்டுகிற முரட்டு ரகம், கறுப்பு நைஸ். நான் வீடியோவில் பார்த்தது ஒருத்தர் மஞ்சள், கடையில் வாங்கியது வேறொருத்தர் மஞ்சள். பெயர்ப் பொருத்தம் பார்த்தேனே தவிர, ஜாதகப் பொருத்தம் பார்க்கவில்லை!

அப்படியென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

இந்த பேடெல்லாம் பாலியூரித்தேன் நுரை. பாலியூரித்தேன் என்பது 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவரது சகாக்களும் கண்டுபிடித்த சங்கதி. உங்கள் வீட்டு ஃபோம் மெத்தையும் இதுவும் ஒரே கோத்திரம். நுரையில் ஓட்டைகள் எவ்வளவு பெரிசு, சுவர் எவ்வளவு விறைப்பு என்பதைப் பொறுத்து மூன்று வகையறா. விறைப்பானது 'கட்டிங்': ஆழமான கீறலை அறுத்தெடுக்க. நடுத்தரம் 'பாலிஷிங்': சாதாரண ஒட்டடைக் கோடுகளுக்கு. மெத்தென்று இருப்பது 'ஃபினிஷிங்': கடைசியாக மினுக்கவும், மெழுகு பூசவும். இதைவிட முரடு வேண்டுமென்றால் ஆட்டு ரோமத்தில் செய்த பேட் உண்டு. அது பட்டறைக்காரர்கள் சமாசாரம். நாம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று. பேட் தனியாக எதையும் அறுப்பதில்லை. பாலிஷுக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடி இருக்கிறது. பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு. மோதிரத்தில் பதிக்கிற மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் அதே சரக்குதான்! அந்தப் பொடிதான் பல். பேட் என்பது தாடை. விறைப்பான தாடை கடித்துக் குதறும். மெத்தென்ற தாடை, பல் இல்லாத பாட்டி முறுக்கு சாப்பிடுகிற மாதிரி மெதுவாக ஊறவைத்து வேலையை முடிக்கும். ஒரே பாலிஷ்தான், பேடை மாற்றினால் வேலையே மாறிவிடுகிறது.

கடையில் பார்க்க இன்னொரு சோதனை: பேடை வாயருகே வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் தாராளமாக வந்தால் திறந்த கண் நுரை. பாலிஷ் உள்ளே இறங்கும். காற்று உள்ளே போய்வருவதால் சூடும் குறைவு. மூச்சு முட்டினால் மூடிய கண் நுரை. பாலிஷை மேலேயே நிறுத்திவைக்கும். சூடு கொஞ்சம் ஏறும். (ஊதும்போது கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். கண்டுகொள்ளாதீர்கள்.)

சூடுதான் என்னைக் கவிழ்த்தது. நான் இரவல் வாங்கிய ரோட்டரி மெஷின், மிக்ஸி மாதிரி ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும். ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் சூடு அங்கேயே சேரும். அதிலும் விளிம்பு, மடிப்பு மாதிரி இடங்களில் பூச்சு மெல்லிசு. பேடின் முழு அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் இறங்கும். கிளியர் கோட் போய்ச் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக் பம்ப்பர் இன்னும் மோசம். இரும்புத் தகடு சூட்டைப் பரவ விடும், பிளாஸ்டிக் விடாது.

புதுசாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு 'டூயல் ஆக்ஷன்' மெஷின்தான் சரி. கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்கிறவரைப் பார்த்திருப்பீர்களே... தானும் உருண்டுகொண்டே, பிராகாரத்தையும் சுற்றி வருவார். அதேமாதிரி இதன் பேட் தானும் சுழலும், ஒரு சின்ன வட்டத்திலும் சுற்றும். ரொம்ப அழுத்தினால் சுழற்சி நின்றுபோய்விடும். அதாவது, நீங்கள் தப்புச் செய்தால் மெஷினே ஸ்டிரைக் பண்ணிவிடும்! இதற்கு மெல்லிசான பேடாக வாங்க வேண்டும். தலையணை மாதிரி கனமான பேடாக இருந்தால் மெஷினின் அசைவை அதுவே விழுங்கிவிடும். பெயின்ட்டுக்குப் போய்ச் சேராது.

"சரி மேஸ்திரி, என் பானெட்?"

"தொட்டு வெச்சா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும். முழுசா அடிக்கணும். நாலு நாள் வுடு."

அடித்துக் கொடுத்தார். பானெட் ஜொலித்தது. அங்கேதான் அடுத்த வில்லங்கம்! புது பானெட்டுக்குப் பக்கத்தில் மீதிக் கார் முழுவதும், மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிற தூரத்து உறவு மாதிரி மங்கிப்போய் நின்றது. கல்யாணத்துக்கு இன்னும் 12 நாள்.

"மீதியை நீயே போடு" என்றார் மேஸ்திரி. "பானெட்டை மட்டும் தொடாதே. பெயின்ட் எளசு."

"ஐயோ, நானா?"

"கெடுத்தவன்தான் கத்துக்குவான்."

இந்தமுறை டூயல் ஆக்ஷன் மெஷினை வாடகைக்கு எடுத்தேன். ஜி.பி. ரோட்டில் எல்லா பேடையும் அமுக்கி, ஊதி, கடைக்காரரின் பொறுமையைச் சோதித்து, நைஸ் ரகத்தில் மூணும் நடுத்தரத்தில் மூணும் வாங்கினேன். முரட்டு ரகம் ஒன்றுகூட வாங்கவில்லை. "மஞ்சள் வேண்டாமா சார்?" என்றார். கும்பிட்டேன்.

காரைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவிக் காயவைத்து, நிழலில் நிறுத்தினேன். பின் கதவில் ரெண்டடிக்கு ரெண்டடி டேப் ஒட்டி ஒரு சதுரம். அதுதான் பரிசோதனைக்கூடம். முதலில் மெத்தென்ற பேட், நைஸான பாலிஷ். டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதி ஒட்டடை போயிருந்தது; பாதி இருந்தது. உடனே கை பரபரவென்று முரட்டுப் பேடைத் தேடியது. அதுதான் ஆபத்தான நிமிஷம்! அடக்கிக்கொண்டு, அடுத்த படிக்கு மட்டும் போனேன்: நடுத்தர பேட், அதே நைஸ் பாலிஷ். நாலு தடவை குறுக்கும் நெடுக்குமாக, நத்தை வேகத்தில். துடைத்தேன். டார்ச் அடித்தேன்.

கதவில் என் முகம் தெரிந்தது. ஒட்டடை இல்லாமல்!

எந்த ஜோடி அந்தச் சதுரத்தில் வேலை செய்ததோ, அதையே கார் முழுவதற்கும் போட்டேன். ஒரு கம்பெனி பெயின்ட் கல் மாதிரி இருக்கும்; இன்னொன்று வெண்ணெய் மாதிரி இருக்கும். ஆகவே உங்கள் நண்பரின் காருக்குச் சரிப்பட்ட பேட் உங்கள் காருக்குச் சரிப்படும் என்று சொல்ல முடியாது. சதுரம்தான் ஜோசியர்.

மூன்று நாள் சாயங்காலம், தினமும் ஆபீஸ் முடிந்து வந்து ரெண்டு மணி நேரம். அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். டார்ச் பிடிக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். "இங்கே ஒண்ணு இருக்கு... அங்கே ஒண்ணு இருக்கு" என்று காட்டுவார். கண் மங்கிவிட்டது என்று சொன்னவருக்கு இது மட்டும் எப்படித் தெரிந்தது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"எப்படிடா இவ்வளவு கோடு விழுந்தது?" என்று ரெண்டாம் நாள் கேட்டார்.

மெஷினை நிறுத்தினேன். சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் நாளைக் காலையிலேயே பனியன் துணியோடு இறங்குவார். ஒரே வருஷத்தில் ஒட்டடை திரும்பக் கட்டிவிடும். சொன்னால், 'நீங்கள் அன்பாகச் செய்தது பூராவும் இந்தக் கோடுகள்தான்' என்று சொன்ன மாதிரி ஆகும்.

"வெயில்தான்ப்பா" என்றேன். "நம்ம ஊர் வெயில் என்னத்தை விட்டு வெச்சுது?"

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். டார்ச்சை அடுத்த இடத்துக்கு நகர்த்தினார்.

மறுநாள் நான் ஆபீஸிலிருந்து வரும்போது ரெண்டு பக்கெட்டும், நாலு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கி வந்தேன். "அப்பா, இனிமே துடைக்கிறதா இருந்தா தண்ணி விட்டுத்தான். ஒரு பக்கெட்ல சோப்புத் தண்ணி. இன்னொண்ணுல துணியை அலசிக்கணும். வாரம் ஒருநாள் போதும். பாலிஷ் போட்ட காருக்கு இதுதான் முறையாம்."

"தினமும் வேண்டாமா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நானும் வரேன்ப்பா. ரெண்டு பேருமா சேர்ந்து கழுவலாம்."

"சரி" என்றார். பனியன் துணி அன்றைக்கே சமையலறைக்குப் போய்விட்டது.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை அழைப்பில் சீரியல் பல்பு வெளிச்சம் முழுவதும் காரில் ஓடியது. ஆபீஸ் நண்பர் வந்திருந்தார். காரைச் சுற்றி வந்தார். "புதுசா?" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன், மனசுக்குள்.

வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்!

* கலரைக் கேட்டு வாங்காதீர்கள். அமுக்கிப் பாருங்கள், எந்தக் கம்பெனி, எந்த ரகம் என்று அட்டையில் படித்துப் பாருங்கள்.

* எப்போதும் மெத்தென்றதிலிருந்து ஆரம்பியுங்கள். போதவில்லை என்றால் ஒரே ஒரு படி மேலே போங்கள். ரெண்டு படி தாவாதீர்கள்.

* மெஷினின் அடித்தட்டைவிட பேட் கொஞ்சம் அகலமாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டுக்கு ஐந்தரை அங்குல பேட் பொருத்தம். தட்டு விளிம்பு பெயின்ட்டில் பட்டால் கதை கந்தல். பம்ப்பர், தூண் மாதிரி குறுகலான இடங்களுக்கு 3 அங்குலம்.

* ஒரு பேடை வைத்துக்கொண்டு முழுக் காரையும் முடிக்கப் பார்க்காதீர்கள். பாலிஷ் குடித்து நனைந்துபோன பேட் அறுக்காது, சூடுதான் ஏற்றும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். மாற்றி மாற்றிப் போடுங்கள். நாலு முதல் ஆறு பேட் தேவைப்படும்.

* கீழே விழுந்த பேடை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். ஒரு மணல் துகள் போதும்.

* வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில் காயவையுங்கள். வெந்நீரில் ஊறப்போட்டால் பின்னால் ஒட்டியிருக்கும் வெல்க்ரோ கழன்று வரும்.

* கீறலில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது பாலிஷ் போகிற ஆழம் இல்லை. விட்டுவிடுங்கள்.

* பழைய கார்களில் கிளியர் கோட் இல்லாத பெயின்ட்டும் உண்டு. பேடில் காரின் கலரே ஒட்டிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்திவிட்டு, உங்கள் காரில் இருப்பது எந்த வகை பெயின்ட் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. டிரைவர் பக்கத்துக் கதவில், கைப்பிடிக்குப் பின்னால் குழிவாக ஒரு இடம் இருக்குமே... விரல் நுழைக்கிற இடம். எங்கள் காரில் அங்கே வில் மாதிரி பத்திருபது கோடுகள். அப்பா ஓட்டிய காலத்தில், ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் அவர் மோதிரம் உரசிய கோடுகள். நகம் மாட்டவில்லை. 3 அங்குல பேட் கையில் இருந்தது. நாலு நிமிஷ வேலை.

போன ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

"என்னடா, எல்லாத்தையும் எடுத்துட்டு இந்த இடத்தை மட்டும் விட்டுட்டே?"

"பேட் தீர்ந்துபோச்சுப்பா" என்றேன்.